முன்னேற்றம் வடக்கே இருந்தபோது

கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில், அரைஞாண் கயிறுபோல ஒடுங்கிக் கிடந்தது நுரைப்பட்டினம் என்ற நாடு. உல்லாசப் பயணிகள் வந்துபோகும் ஊர். அங்கே எந்தத் தெருவில் நடந்தாலும் கடலோர மரப்பலகைப் பாதையில்தான் வந்து முடியும். அதன் தெற்கு முனையில் வீடுகள், வடக்கு முனையில் வேடிக்கைகள். வடக்கே குதிரை ராட்டினம் சுற்றியவன் தாண்டவன். தெற்கே அவன் மனைவி அல்லி நிறைமாதமாக இருந்தாள்.

ஒருநாள் அரசர் மாடத்திலிருந்து பார்த்தார். குடிகளில் பாதிப் பேர் வடக்கே போனார்கள். பாதிப் பேர் தெற்கே வந்தார்கள்.

"இப்படி இருந்தால் நாடு எப்போது முன்னேறும்?" என்று வருந்தினார்.

மாலைக்குள் ஆணை பிறந்தது. முன்னேற்றம் வடக்கே இருக்கிறது. பாதையில் எவரும் திரும்பக் கூடாது.

வேலைக்குப் போயிருந்த தாண்டவன் வடக்கிலேயே மாட்டிக்கொண்டான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் குதிரைகள் கொள்கை விரோதிகள் என்று சொல்லி, ராட்டினத்தையும் கழற்றி நேர்வரிசையில் நிறுத்தினார்கள். மரக்குதிரை ஒன்றின்மேல் சாய்ந்துகொண்டு, தெற்கிலிருந்து வருகிறவர்களிடம் அல்லியைப் பற்றி விசாரிப்பதே அவன் வேலையாயிற்று. ராத்திரியில் அவன் சட்டையைத்தான் போர்த்திக்கொண்டு படுக்கிறாளாம். சேதி வந்தது, பதில் அனுப்பத்தான் வழியில்லை.

வடக்கே நிற்க இடமில்லாமல் போயிற்று. "எவ்வளவு நெரிசல்! எவ்வளவு முன்னேற்றம்!" என்றார் அமைச்சர்.

ஒரு மதியம் சிப்பிமாலை விற்கும் குப்பாயி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"தாண்டவா, அவளுக்கு வலி கண்டிருச்சுடா! ஒம் பேரச் சொல்லித்தான் கத்துறா!"

காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். "நானும் புள்ளகுட்டிக்காரன்தாண்ணே. ஆனா பாதையில விடமாட்டேன்."

'பாதையில' என்பதை அவன் அழுத்திச் சொன்னதாகத் தாண்டவனுக்குப் பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீரில் தெற்கே நடந்தான். குப்பாயியும் இறங்கினாள். பிறகு ஊரே இறங்கியது.

"அமைச்சரே, நாடு பின்வாங்குகிறதே!" என்று பதறினார் அரசர்.

அமைச்சர் அரியணையைத் தெற்குப் பார்க்கத் திருப்பிப் போட்டார். "இப்போது பாருங்கள் அரசே. தங்கள் தலைமையில் முன்னேறுகிறது."

தாண்டவன் வீட்டுக்குள் நுழைந்தபோது குழந்தை பிறந்திருந்தது. கையெல்லாம் கடல் ஈரம். தொடத் தயங்கி நின்றான்.

"வெறும் உப்புத்தண்ணிதான, தூக்கு," என்றாள் அல்லி. "அப்பன் வாசம் தெரியட்டும்."

மறுநாள் முரசறைந்தார்கள். முன்னேற்றம் தெற்கே இருக்கிறது. வடக்கே போவது குற்றம். குதிரைகளை மறுபடி பூட்டக் கிளம்பிய தாண்டவன், பாதையை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கினான்.

"பொழுது சாயறதுக்குள்ள வந்துரு," என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தாள் அல்லி.

கடலில் அன்று போகிறவர்களும் இருந்தார்கள், வருகிறவர்களும் இருந்தார்கள். எதிர்ப்பட்டவர்கள் நின்று பிள்ளை நலம் விசாரித்தார்கள். பலகைப் பாதையில் மட்டும் ஓர் ஆள்கூட இல்லை. மாடத்திலிருந்து அதைப் பார்த்த அரசர், தம் ஆட்சியில் நெரிசலே ஒழிந்துவிட்டதென்று மனம் குளிர்ந்தார்.