நாற்பத்து மூன்றாவது வகுப்புக்குப் பின் வாத்தியாரை மாற்றுவது பற்றி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் ஒருவன் நலம். அங்கே தாங்கள், என் மகள், பேத்தி மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் மகள் போன் செய்திருப்பாள். போனிலேயே பேசிவிடலாமே, எதற்கு மாமா கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் "சொல்லுங்க மாமா" என்றவுடனே எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. மேலும், முப்பத்து நான்கு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தராசில் ஒரு கிராம் பிசகினாலும் எழுத்தில் வாங்கிப் பழகிய கை. ஆகவே, சென்ற வாரம் தாங்கள் செல்போனில் அனுப்பிய 'டிரைவிங் வாத்தியாரை எப்போது மாற்ற வேண்டும்' என்ற ஐந்து கேள்விகளுக்கும் எழுத்து மூலமாகவே பதில் தருகிறேன். அவற்றுக்குக் கீழே, "மாசக் கடைசிக்குள்ள வாத்தியார மாத்துங்க மாமா, இல்லேன்னா நானே வந்து காரை எடுத்துட்டு வந்துடறேன், சும்மா நின்னு வீணாப் போகுது" என்று எழுதியிருந்ததையும் படித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன்.

அது உங்கள் அத்தை ஓட்டிய கார், மாப்பிள்ளை. கால்நடை மருத்துவர் என்பதால் எந்நேரமும் யாராவது கூப்பிடுவார்கள். இருபத்தேழு வருடம் அவள் ஓட்டினாள், நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பாத்து, பாத்து" என்று சொன்னேன். அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அந்தக் காரை நான் ஓட்ட வேண்டும், அது மட்டுமே என் ஆசை. அதற்காகத்தான் அறுபத்து மூன்று வயதில், பேத்தி வயதுப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, டிரைவிங் பள்ளியில் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் கூத்தை உங்களிடம் சொன்னேனோ இல்லையோ. பள்ளியின் கார் வாசலில் வந்து நின்றது. பழக்கதோஷம், நான் நேரே போய் இடது பக்கக் கதவைத் திறந்தேன். வாத்தியாருக்கும் அதே பக்கம்தானே இடம்? அவரும் அதே கதவைப் பிடித்தார். "நீங்க ஏறுங்க சார்" என்கிறார், "பரவாயில்லை, நீங்க ஏறுங்க" என்கிறேன். இரண்டு பேரும் மரியாதை கொடுத்துக்கொண்டே நின்றோம், ஸ்டீயரிங் பக்கம் ஆளே இல்லை. பிறகு அவர்தான், "சார், ரெண்டு பேரும் இந்தப் பக்கம் ஒக்காந்தா வண்டிய யாரு ஓட்டறது?" என்று கேட்டார். அடுத்த ஆறு வகுப்பும் இதே கதைதான்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். ஒன்று, வாத்தியார் நேரத்துக்கு வருகிறாரா. வருவதில்லை. ஏழு மணி வகுப்புக்குச் சராசரியாகப் பதினான்கு நிமிடம் தாமதம். நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நான் ஆறரைக்கே ஷூ போட்டுக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிடுவதையும் சேர்த்தால் நாற்பத்து நான்கு நிமிடம். ஆறரைக்கு ஏன் நிற்கிறேன் என்று கேட்காதீர்கள். உள்ளே இருந்து மட்டும் என்ன செய்யப்போகிறேன்?

இரண்டு, அவர் கவனம் சாலையில் இருக்கிறதா, வேறு பேச்சில் இருக்கிறதா. வேறு பேச்சில்தான். அவருக்கும் அவருடைய சகலைக்கும் ஒரு சுவர்த் தகராறு. சகலை பக்கத்து வீட்டை வாங்கிக் குடிவந்தார், வந்த கையோடு சுவர் ஒன்றை எழுப்பினார், அது நம் வாத்தியார் வீட்டுச் சமையலறை ஜன்னலை மறைத்துவிட்டது. வாத்தியாரின் மனைவியோ அக்கா கட்சி. முதல் வகுப்பில் ஆரம்பித்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. கதையும் பாடமும் ஒரே மூச்சில் வரும். "நான் சொல்றதக் கேளுங்க சார், இண்டிகேட்டரப் போடுங்க, அவன்கிட்ட நியாயமாத்தான் கேட்டேன், இடது பக்கம் சார், இடது, அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா, வெளிச்சம் வேணும்னா லைட்டப் போட்டுக்கோன்றான், பிரேக்! பிரேக்! இத்தன வருஷம் பழகுனவன் பேசற பேச்சா சார் இது?" இதில் எது எனக்கு, எது சகலைக்கு என்று பிரித்தெடுப்பதற்குள் திரும்ப வேண்டிய தெரு தாண்டிப் போய்விடும். இருபத்தாறாவது வகுப்பில் என்னை நேரே அந்தச் சுவருக்கே ஓட்டச் சொல்லி, "நீங்க அளவு ஆபீசர்தானே, நீங்களே அளந்து சொல்லுங்க சார்" என்றார். ஓய்வு பெற்று ஐந்து வருடமாக அலமாரியில் சும்மா கிடந்த டேப்பை மறுநாள் எடுத்துப்போய் அளந்தேன். பதினொரு சென்டிமீட்டர் இவர் பக்கம் வந்திருந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த சகலை என்னைப் பார்த்து, "ஐயோ, தராசு சாரா!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு காலத்தில் அவர் கடைத் தராசுக்குச் சீல் வைத்தவன் நான்தானாம். எனக்கு நினைவில்லை, அவருக்கு மறக்கவில்லை. அன்றைக்கு வாத்தியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், மாப்பிள்ளை. வீட்டுக்கு வந்து அந்தக் கையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, முன்னேற்றம் இருக்கிறதா. இதில்தான் மானம் போகிறது. ஊரில் அவருக்குப் 'பர்ஸ்ட் கியர்' என்று பட்டப்பெயர். அதற்குமேல் யாரையும் போக விட்டதில்லையாம். நாற்பத்து மூன்று வகுப்பில் ரிவர்ஸ் ஒருநாள்கூடச் சொல்லித்தரவில்லை. பின்னால் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாக வருவோம். ஆனாலும் ஓட்டுவது நன்றாக வந்துவிட்டது என்றுதான் முப்பது வகுப்பு வரை நினைத்தேன். முப்பத்தோராவது வகுப்புக்கு வாத்தியார் காலில் பெரிய கட்டோடு வந்தார். கேஸ் சிலிண்டர் கட்டைவிரலில் விழுந்துவிட்டது. "இன்னிக்கு நான் சும்மா ஒக்காந்திருக்கேன் சார், நீங்கதான் ஓட்டறீங்க" என்றார். தினமும் நான்தானே ஓட்டுகிறேன், இது என்ன புதுப் பேச்சு என்று எடுத்தேன். வண்டி தவளைபோல நாலு தாவு தாவியது. சலூன் திருப்பத்தில், வழக்கமாக மிதிப்பதுபோலத்தான் பிரேக்கை மிதித்தேன். நிற்கவே இல்லை! சலூன் படியில் ஏறி, தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, தானே மனசு வந்து நின்றது. சலூன்காரர் கத்தியோடு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் பாதி முகத்தில் நுரையோடு ஒருவர் வந்து, "மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்பா" என்று சொல்லிவிட்டு அப்படியே நடந்துவிட்டார். அடி யாருக்கும் இல்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. வாத்தியார் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கிறதல்லவா? முப்பது வகுப்பும் வண்டியை ஓட்டியது அவர் கால். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடவே போயிருக்கிறேன். "ஏன் சொல்லல?" என்று கேட்டால், "ஒங்க மனசு நோகுமேன்னுதான் சார் சொல்லல" என்கிறார். என்னத்தச் சொல்ல!

நான்கு, திட்டுகிறாரா. திட்டுகிறார். "சைக்கிள்காரன் நம்மளத் தாண்டிப் போய்த் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறான் சார், என்னால வெளிய தலகாட்ட முடியல" என்பார். ஆனால் வண்டியை விட்டு இறங்கும்போது, "சாப்டீங்களா சார்? நேத்து ராத்திரி என்ன சாப்டீங்க?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை போகமாட்டார். முதலில் ரொட்டி என்றேன். மறுநாளும் ரொட்டி. மூன்றாம் நாளும் ரொட்டி என்றதற்கு, "மனுஷன் சாப்புடறதா சார் இது, ஒரு சாதம் வடிக்கத் தெரியாதா?" என்று தெருவே கேட்கும்படி ஒரு சத்தம் போட்டார். அன்றிலிருந்து ராத்திரியில் எதையாவது சமைக்கிறேன். காலையில் ஒரு பதில் சொல்லியாக வேண்டுமே.

ஐந்து, 'அவருடன் வண்டியில் இருக்கும்போது உங்களுக்கு நிம்மதியாக இருக்கிறதா?' இந்தக் கேள்வியை யார் எழுதினார்களோ தெரியவில்லை, மாப்பிள்ளை, மற்ற நான்கைப் போல இது இல்லை. முப்பத்து நான்கு வருடம் இந்த ஊர்க் கடைகளுக்குள் நான் நுழைந்தாலே பேச்சு நின்றுவிடும். இன்றைக்கும் அப்படித்தான். சர்க்கரை வாங்கப் போனால், கேட்டதற்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு, நான் எப்போது போவேன் என்று பார்க்கிறார்கள். உங்கள் அத்தை இருந்தவரை அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசினாள். இப்போது காலை எட்டு மணிக்குக் காரை விட்டு இறங்கினால், மறுநாள் ஏழே காலுக்கு "ஏறுங்க சார்" என்று அவர் சொல்லும்வரை வீட்டில் என்னோடு சத்தம் போடுவது குக்கர் ஒன்றுதான். அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்கிறது. தனியாக இருக்கிறேன் மாப்பிள்ளை. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மகளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள் என்பாள். அங்கே வந்தாலும், நீங்கள் மூவரும் காலையில் கிளம்பிப் போனபின் குக்கர்தானே? நிம்மதியாக இருக்கிறதா என்றால், இருக்கிறது. சுவர் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத்தான் பல நாள் எழுந்திருக்கிறேன்.

ஆனாலும் கணக்கு என்று வந்தால் ஐந்துக்கு நான்கு அவருக்கு எதிராக நிற்கிறது. இவரோடு இன்னும் நாற்பத்து மூன்று வகுப்பு போனாலும் லைசென்ஸ் வராது. லைசென்ஸ் வராவிட்டால் நீங்கள் வந்து காரை எடுத்துப் போய்விடுவீர்கள். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. எனவே வாத்தியாரை மாற்றுவது என்று முடிவே செய்துவிட்டேன். அதே பள்ளியில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார், கெட்டிக்காரர் என்கிறார்கள். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. நாளைக் காலை இவரிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன்னால் நான்கு முறை சொல்லிப் பார்த்தேன், நான்கு முறையும் அழுகை வந்துவிட்டது. ஐந்தாவது முறை பார்க்கவில்லை.

தாங்களும் என் மகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நீண்ட காலம் ஒருவருக்கொருவர் பேச்சுத் துணையாக இருந்து வாழ மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு.: இந்தக் கடிதம் தபாலில் சேராமல் ஐந்து வாரம் மேஜையிலேயே கிடந்துவிட்டது. நடுவில் நீங்கள் போனில் கேட்டபோது "மாத்தியாச்சு" என்று மட்டும் சொன்னேன், அது பொய்யில்லை. வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னதும், "சரி சார்" என்றார், அவ்வளவுதான். அன்றைய வகுப்பு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சரம்மா டாண் என்று ஏழு மணிக்கு வந்தார். "பெல்ட்." "கண்ணாடி." "போங்க." இவ்வளவுதான் அவர் பேச்சு. ரிவர்ஸ் ஒரே காலையில் வந்துவிட்டது. பதினோராவது வகுப்பில் டெஸ்ட், முதல் தடவையே பாஸ், லைசென்ஸ் கையில் இருக்கிறது. மறுநாள் காலை ஏழு மணிக்கு உங்கள் அத்தையின் காரை நானே வெளியே எடுத்தேன். நன்றாகத்தான் ஓட்டினேன், ஒரு கீறல் இல்லை. எங்கே போவது என்று தெரியாமல் ஊரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, யாரிடமும் எதுவும் பேசாமல் வீட்டுக்கு வந்து நிறுத்தினேன். மத்தியானம் நேரே பள்ளிக்குப் போனேன். நம் பழைய வாத்தியார் லாரி வகுப்பும் எடுக்கிறாராம். சேர்ந்துவிட்டேன். எத்தனை நாளில் லைசென்ஸ் வரும் என்று கேட்டேன். "லாரி லேசுப்பட்டது இல்ல சார், ஆறு மாசம் ஆகும். ஒங்க காலுக்கு ஒரு வருஷம்னே வச்சுக்குவோம். ஏறுங்க, என்ன சாப்டீங்க?" என்றார். மகளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். லாரி வாங்கும் உத்தேசம் எதுவும் எனக்கு இல்லை.