சம்பந்தியின் அழைப்பு சுற்றிய சுற்று

கெலுகோர், பினாங்கு

மரியாதைக்குரிய சம்பந்தி தங்கராஜு அவர்களுக்கு, சண்முகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மகள் அபிராமி உட்பட அனைவரும் சுகம். பாலிக் புலாவில் தாங்களும் மாப்பிள்ளை குகனும் நலமாயிருக்க முருகன் துணை.

கண்டுபிடித்துவிட்டேன்! கல்யாணத்தைத் தங்கள் டுரியான் தோட்டத்திலேயே, பழம் பழுத்து விழும் சீசனில் வைக்கலாமா என்று கேட்கத் தாங்கள் கூப்பிடும்போதெல்லாம் எங்கள் இன்டர்நெட் போன் மணி அடிப்பதற்குள் அறுந்துபோனது. நாங்கள்தான் வெட்டுகிறோம் என்று நினைத்து, "பேச இஷ்டம் இல்லன்னா சம்பந்தமே வேணாம் லா" என்று குகனிடம் கோபப்பட்டீர்களாம். அதைக் குகன் சொல்லக் கேட்டதிலிருந்து அபிராமி சரியாகச் சாப்பிடவில்லை. நான் சும்மா இருப்பேனா? மோடத்தை மாற்றினேன், மாடியேறி வயரைக் குரங்கு கடித்ததா என்று பார்த்தேன், மழையைத் திட்டினேன், கடைசியில் போன் செட்டிங்கைத் திறந்தால் குற்றவாளிகள் நாங்களே! கல்யாணப் பேச்சைப் பெண்கள் பேசினால் இதமாக இருக்கும் என்று தங்கள் நம்பரிலிருந்து வரும் அழைப்பை மட்டும் நான் என் மனைவி காமாட்சியின் போனுக்குத் திருப்பிவிட்டிருந்தேன். தாய்மாமன் பேசுவதுதான் முறை என்று அவள் தன் அண்ணன் குமரப்பனுக்குத் திருப்பிவிட்டிருந்தாள். பாகான் டாலாமில் இருக்கும் அவரோ, "பொண்ணப் பெத்தவர் பேசணும், நான் யாரு?" என்று மறுபடி எனக்கே திருப்பிவிட்டிருந்தார். பாவம், தங்கள் அழைப்பு செக்குமாடு மாதிரி எங்கள் மூவரையும் சுற்றியிருக்கிறது. ஓர் அழைப்பு இத்தனை கைதான் மாறலாம் என்று இன்டர்நெட்டில் ஒரு வரம்பு உண்டாம். கை மாற மாற எண்ணிக்கை குறைந்து, பூஜ்யமானதும் மெஷின் அதைத் தூக்கிப் போட்டுவிடும். மரியாதை கூடிப்போய் அறுந்த அழைப்பு, சம்பந்தி!

குமரப்பனையும் போனோடு சாப்பிட வரச்சொல்லி, மூன்று போனிலும் அந்தத் திருப்பலை அழித்துவிட்டேன். "பரவால்லயே, உங்களுக்கும் ஏதோ தெரியுது லா" என்றாள் காமாட்சி. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு பாராட்டை நான் கேட்டதில்லை. இனி தாராளமாகக் கூப்பிடுங்கள், உடனே எடுத்துப் பேசுவோம்.

தங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசி, தோட்டத்து மரங்கள் நன்றாகக் காய்க்கட்டும்.

அன்புள்ள,
சண்முகநாதன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது தங்கள் அழைப்பு வந்தது. கணீரென்று அடித்தது. எடுத்தேன். "சம்பந்தி, தோட்டத்துக்கு என்ன சொல்றீங்க?" என்றீர்கள். "ஒரு நிமிஷம், காமாட்சிகிட்ட குடுக்கறேன்" என்றேன். சாப்பிட வந்திருந்த குமரப்பன் கையில் அவள் போனைத் திணித்தாள். அவர் என் கையிலேயே கொண்டுவந்து வைத்தார். அதற்குள் தாங்கள் வைத்துவிட்டீர்கள். மெஷின்மீது தப்பில்லை. டுரியான் வாசனை பட்டாலே அபிராமிக்கு மயக்கம் வரும். அதைச் சொல்லத்தான் எங்கள் மூவருக்கும் வாய் வரவில்லை. ஆகையால் எழுதுகிறேன்: தோட்டம் வேண்டாம், சம்பந்தி.