எதிரெதிர் ஜன்னல்கள்

அன்பு மருமகன் நிக்ஷாவுக்கு,

அத்தை பெரினா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் உன் மனைவியும் ஜாக்ரெப் அடுக்குமாடியில் அறைகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களின் சூட்டில் வாடிவிடாமல் இருக்கக் கன்னி மரியாளை வேண்டுகிறேன்.

வீட்டில் பாதி உன் அப்பாவின் பங்கு என்பதை நான் மறுக்கவில்லை. அதற்காக எனக்குச் சொல்லாமல் வீடு வாங்க ஆள் அனுப்புவதா? ஜனவரியில் நம் ஊருக்கு வெளியாள் வந்தால், ஒன்று சாவுக்கு வந்திருப்பான், இல்லை வீடு வாங்க வந்திருப்பான். இந்த வாரம் யாரும் சாகவில்லை. பக்கத்து வீட்டு லூட்சே விசாரித்துவிட்டாள். ஆகவே, ஹோட்டல் பூட்டிக் கிடக்கிறது, ஓர் அறை கிடைக்குமா என்று என் கதவைத் தட்டிய ஆஸ்திரியர் லீன்ஹார்ட் உன் ஆள்தான். சுற்றிப் பார்க்க வந்தாராம்! கவிழ்த்துப் போட்ட படகுகளையும் பூட்டிய ஐஸ்கிரீம் கடையையும் பார்க்க யார் வருவார்? வந்ததும் சுவரைத் தட்டினார், உத்தரத்தைத் தடவினார். கன்னியாஸ்திரிகளிடம் கற்ற ஜெர்மனில் "விற்பதற்கில்லை" என்று சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லலாகாது என்று கற்றுத் தந்ததும் அவர்களே. எனவே நாகரிகமாக விரட்ட முடிவு செய்தேன். உப்பில்லாத கீரைச் சூப் வைத்தேன். இன்னொரு தட்டு கேட்டார். வாடைக்காற்று ஊளையிடும் வடக்கு அறையைக் கொடுத்தேன். சங்கீதம் மாதிரி இருக்கிறதாம். கடைசியில், கடவுள் மன்னிக்கட்டும், எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டேன்.

லூட்சே தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். "ஏ பெரினா, புத்தி கெட்டுப் போச்சா? காத்து ஊடால பாஞ்சா ஆளையே தூக்கிடும்டி! எங்க சின்னம்மாவுக்கு வாய் கோணிப் போனத மறந்துட்டியா?"

"அந்த ஆளு போகணும்னுதான் தொறந்தேன்."

"எத விட்டுப் போகணும்? வீட்டயா, உலகத்தயா?"

அந்த மனிதரோ காற்றுக்கு நடுவில் நின்று கையை விரித்தார். "ஆகா, என்ன சுத்தமான காத்து! தினமும் தொறந்து வைப்பீங்களாம்மா?"

அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. எனக்குத்தான் கழுத்து பிடித்துக்கொண்டது. இந்தக் கடிதத்தைக்கூட ஒருக்களித்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அதைச் சாக்காக வைத்து அவர் விறகு பிளக்கிறார், அடுப்பு மூட்டுகிறார்; வாங்கும் முன்பே வீட்டுக்காரத் தோரணை, பார்த்தாயா? மாலையில் லூட்சேயிடம் சீட்டாடித் தோற்கிறார். வேண்டுமென்றே தோற்கிறார் என்று நினைக்கிறேன். அதுவும் வியாபாரத் தந்திரம்தானே? உன் மாமா கண்மூடிய கட்டில் இங்கே கிடக்கும்வரை நான் வீட்டை விற்றுவிட்டு உன்னோடு ஜாக்ரெப் வருவதாக இல்லை. வந்து உன் ஆளை அழைத்துப் போ.

மற்றபடி உன் வீட்டார் அனைவருக்கும் என் ஆசிகள். கம்பளிச் சட்டை போடு.

உன் அத்தை,
பெரினா

பின்குறிப்பு: லீன்ஹார்ட் உன் ஆள் இல்லை. சுற்றிப் பார்க்கத்தான் வந்திருக்கிறார், பாவம். உன் ஆள் இன்று மதியம் ஸ்ப்ளிட்டிலிருந்து வந்தார். நம் கடற்கரைக்காரர், நல்ல பேச்சு, "எங்க கையெழுத்துப் போடணும்மா?" என்று உட்கார்ந்தேவிட்டார். என் கழுத்து திரும்பாததால் ஜன்னல்களை லீன்ஹார்ட்தான் திறந்தார், இரண்டையும். உன் ஆள் வாய் கோணிவிடாமல் கையால் பொத்திக்கொண்டு, தொப்பியை மறந்துவிட்டு ஓடினார். அதைத் தபாலில் அனுப்புகிறேன். லீன்ஹார்ட் ஈஸ்டர் வரை இருக்கிறார், நீ வரவேண்டாம்.