வெறுந்தண்ணி சாரின் ஆட்சேபணை

வெறும் தண்ணீரைக் கொடுத்தே படித்த மனிதர்களின் தூக்கத்தைக் கெடுத்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அவர் வெறுந்தண்ணி சார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பேண்டேஜ் துணியை வெளுக்கும் பட்டறைகள் எங்கள் பக்கம் பெருகியிருந்த நேரம். கழிவுத் தண்ணீரைச் சோதித்து ரிப்போர்ட் காட்டவேண்டும் என்று கெடுபிடி வந்தது. கெடுபிடி வந்தால் பின்னாலேயே கடையும் வருமே, நாலு லேப் முளைத்தன. ராஜபாளையத்தில் பூச்சிமருந்துக் கடை மாடியில் என்னுடையது. இரண்டு தெரு தள்ளி ஜெபராஜுடையது. ஒரு நூல் மில்லுக்குள் கிருஷ்ணமராஜா பார்த்துக்கொண்டது மூன்றாவது. நாலாவது, ஸ்ரீவில்லிபுத்தூரில் வெறுந்தண்ணி சாருடையது.

நாலு பேரும் கெமிஸ்ட்ரி படித்தவர்கள். ஆனால் ஒரே தண்ணீருக்கு நாலு விடை சொல்வோம். சோழபுரத்துப் பக்கம் ஒரு பட்டறைக் கழிவு வாய்க்காலில் இறங்கி, பக்கத்துத் தோட்டத்துக் கிணறு நுரைக்க ஆரம்பித்தது. கிணற்றுக்காரர் என்னிடம் வந்தார். பட்டறைக் கழிவு படுமோசம் என்று எழுதிக் கொடுத்தேன். பட்டறைக்காரர் ஜெபராஜிடம் போனார். அதே கழிவுக்குக் குறையொன்றும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். நோயாளி கேட்டதும் பால், வைத்தியர் சொன்னதும் பால். இரண்டு பேரும் ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தார்கள். எங்களுக்கு அதில் வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை.

வெட்கத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர் வெறுந்தண்ணி சார். ஒருநாள் யாரோ ஒரு பாட்டிலை என் லேப்பில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ‘பட்டறைக் கழிவு, மூன்றாம் வாசல்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. சோதித்தேன், எண்ணைப் போட்டேன், கையெழுத்தும் போட்டேன். நாலாம் நாள் அந்த ரிப்போர்ட்டோடு ஒல்லியாக ஒருவர் என் மாடிப்படி ஏறி வந்தார்.

“தம்பி, இந்தத் தண்ணியில இம்புட்டு அழுக்குன்னு போட்டிருக்கீயளே, எங்கேருந்து வந்துச்சு?”

“பட்டறைக் கழிவுல அழுக்கு வராம பன்னீரா சார் வரும்?”

“பட்டறையாவது ஒண்ணாவது. எங்க வீட்டு அடுப்புல நானே காய்ச்சி வடிச்ச தண்ணி. வெறுந்தண்ணி.”

அவர் நேராகத் தொட்டியடிக்குப் போய் என் கண்ணாடிக் குடுவைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். “சோப்புத்தூளைச் சரியா அலசலை. நீங்க சோப்புத்தூளுக்கு ரிப்போர்ட் குடுத்திருக்கீய” என்று சொல்லிவிட்டு, எதுவுமே நடக்காதது போல் குடிக்கத் தண்ணீர் கேட்டார். டம்ளரை மூன்று தடவை அலசிவிட்டுக் கொடுத்தேன். ஜெபராஜுக்கும் ராஜாவுக்கும் அதே வாரம் அதே மரியாதை நடந்திருந்தது என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

சந்தேகம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. டீக்கடையில் ஒரே டீயை இரண்டு கிளாஸில் ஊற்றச் சொல்லி, இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று குடித்துப் பார்ப்பார். பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டாரிடம் மாப்பிள்ளையின் சம்பளத்தை ஒரு மணிநேர இடைவெளியில் இரண்டு தடவை கேட்டவர். இரண்டு தடவையும் ஒரே பதில் வந்ததால்தான் அந்தக் கல்யாணம் நடந்தது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் எங்கள் மூவரையும் தன் லேப்புக்குக் கூப்பிட்டார். “ஆளாளுக்கு ஒரு முறை வச்சிருக்கோம். உக்காந்து ஒரே முறையா எழுதிருவோம். அதும்படி நடக்குத லேப்புக்குத்தான் அங்கீகாரம். நடக்காதவன் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடக்கூடாது.”

“சரி சார், கை தூக்கச் சொல்லி முடிச்சிருவோம்” என்றார் ஜெபராஜ். அவருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவேண்டும்.

“கை தூக்குத சோலியே கிடையாது. மூணு பேரு சரின்னு சொல்லி ஒருத்தன் மனசில்லாம இருந்தா, அவன் ஊருக்குப் போனதும் பழைய மாதிரிதான் செய்வான். ஒருத்தருக்கு ஆட்சேபணை இருந்தாலும் விதி நிக்காது. நாலு பேரும் மனசார ஒத்துக்கிடணும்.”

ஒத்துக்கொள்வது அவ்வளவு லேசில்லை என்று காட்டுவதற்காக, ஒன்று இரண்டு மூன்று என்று எண் போட்டு மூன்று பொட்டலம் பால்கோவாவைப் பிரித்து வைத்தார். எது நல்லது என்று சொல்லவேண்டும். ஒன்றாம் நம்பர் தேவாமிர்தம் என்றேன் நான். மூன்றுதான் என்றார் ஜெபராஜ். மூன்றில் அடிப்பிடித்த வாசனை இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார் ராஜா. அரைமணி நேரம் அடித்துக்கொண்டோம்.

“ஒண்ணும் மூணும் ஒரே சட்டி” என்றார் வெறுந்தண்ணி சார்.

“ஏமி சார் இது” என்று வீட்டுத் தெலுங்கில் முனகிவிட்டு, ராஜா இரண்டாம் நம்பரை முழுசாகத் தின்று தீர்த்தார்.

அன்று தொடங்கியது, மாதம் ஒரு ஞாயிறு. பாட்டிலை இரண்டு தடவை அலசினால் போதுமா, மூன்று தடவையா என்பதற்கே நாலு ஞாயிறு போயிற்று. ஓடும் தண்ணீரில் மாதிரி எடுக்கும் முறையை முடிவு செய்ய அய்யனார் கோவில் ஆற்றுக்குப் போனோம். வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று, சார் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றதும் ஒரே நேரத்தில் பாட்டிலை அமுக்கவேண்டும். மேலே பாறையில் ஒருவர் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. நாலு பேருக்கும் நாலு விடை வந்தது. தண்ணீர் வரும் மேற்குப் பக்கம் எவ்வளவு தூரம் பார்த்துவிட்டு மாதிரி எடுக்கவேண்டும் என்று அதற்கும் ஒரு விதி எழுதினோம். சாமி கும்பிட வந்தவர்கள் எங்களைப் பார்த்து ஏதோ பரிகாரம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு வருஷம் இழுத்து, ஒருவழியாகப் புத்தகம் தயாரானது. இந்த முறைப்படி நடக்கும் லேப் சொல்வதைத் தாங்கள் ஏற்பதாகப் பட்டறைக்காரர்களும் கிணற்றுக்காரர்களும் ஒருசேரச் சொல்லிவிட்டார்கள். அதாவது, அங்கீகாரம் இல்லாத லேப் கதவைச் சாத்தவேண்டியதுதான். புத்தகத்தின் கடைசி விதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரீட்சை. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் ரகசியமாகக் கலந்து அனுப்பும் தண்ணீரைச் சோதித்து எண் சொல்லவேண்டும். நூற்றுக்குப் பத்து முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் போனால் அடுத்த பரீட்சை தேறும்வரை கையெழுத்து உரிமை கிடையாது.

முதல் பரீட்சை முடிவு, எங்கள் நாலு பேர் கூட்டத்துக்கு அந்த வருஷம் தலைவராக இருந்த என் கைக்கு வந்தது. மூன்று லேப் தேறியிருந்தது. வெறுந்தண்ணி சார் தேறவில்லை. உள்ளதைவிட நூற்றுக்குப் பதினேழு குறைவாகச் சொல்லியிருந்தார்.

காரணம் எங்களுக்குப் புரிந்தது. அந்தச் சோதனையில் ஒரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் பச்சை நிறம் சட்டென்று செங்கல் நிறமாகும். அந்தச் சொட்டிலேயே நிறுத்தவேண்டும். கொஞ்ச நாளாகவே அவர் குடுவையை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நாங்கள் கவனித்திருந்தோம். மாறிய பிறகும் அவர் சொட்டு விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அதில் சொட்டு கூடினால் அழுக்கின் எண் குறையும்.

நாங்கள் மூவரும் டீக்கடையில் கூடினோம். “பத்தை இருபதாக்கிருவோம்” என்றார் ஜெபராஜ். ராஜாவும் நானும் அப்போதே தலையாட்டினோம். இரண்டு வருஷத்தில் நாங்கள் ஒரே நொடியில் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அந்த ஞாயிறு முடிவைப் படித்தேன். பிறகு, ஆரம்பத்தில் கொஞ்சம் தாராளமாக இருப்போம் என்று இழுத்து, இருபது என்ற திருத்தத்தைச் சொன்னேன். “யாருக்காவது ஆட்சேபணை உண்டா?”

“எனக்கு உண்டு” என்றார் வெறுந்தண்ணி சார்.

“சார், உங்க லேப்புக்காகத்தான் சொல்லுதோம்” என்றார் ஜெபராஜ்.

“தெரியும். கண்ணு மங்கிட்டு. நான் அழுக்கைக் குறைச்சுச் சொல்லியிருக்கேன். எனக்காக அளவைத் தளத்திட்டா, நாளைக்கு நான் நல்ல தண்ணின்னு எழுதிக் குடுப்பேன். சோழபுரத்துப் பட்டறைக்காரன் அதை நம்பி வாய்க்காலைத் தொறந்து வச்சிருப்பான்.”

“லேப்பைச் சாத்திட்டு என்ன செய்வீய?” என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

“ஒரு ஆட்சேபணை இருந்தா விதி நிக்காது, அம்புட்டுதான். மேக்கொண்டு படிங்க.”

எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மனிதர் தன் சோற்றில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டு, மேற்கொண்டு படி என்கிறார். படித்தேன். சார் தன் லேப்பின் அங்கீகார ரப்பர் ஸ்டாம்பை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பிறகு அவர் மதுரையில் கண் ஆபரேஷன் செய்துகொண்டதும், அடுத்த பரீட்சையில் எங்கள் எல்லோரையும்விட நெருக்கமான எண்ணைச் சொல்லி ஸ்டாம்பைத் திரும்ப வாங்கியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு நினைவில் நிற்பது அந்த ஞாயிறு சாயங்காலம். ஜெபராஜும் ராஜாவும் மில் ஜீப்பில் போய்விட்டார்கள். கோபத்தில் நான் ஏறவில்லை. சார் என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுவரை வந்தார். ஒரு வண்டி வந்து நின்றது. நிமிர்ந்து போர்டைப் பார்த்தார், கண்ணைச் சுருக்கி இன்னொரு தடவை பார்த்தார்.

“ஏறுங்க தம்பி, ராஜபாளையம் வண்டி. ஜன்னலோர சீட்டு இருக்கு.”

அது வத்திராயிருப்பு வண்டி. கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. “வாரேன் சார்” என்று ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பி, ராஜபாளையம் ரோட்டை விட்டு வேறு பக்கமாகத் திரும்பும்வரை அவர் கையை ஆட்டிக்கொண்டே நின்றார். நானும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகுதான் கண்டக்டரிடம் இறக்கிவிடச் சொன்னேன். எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.