முழிக்கு லேபிள் ஒட்டறவரு

லிஃப்ட்ல உன்னை முறைச்சாரா? எங்க வீட்டுக்காரரா? அட, முறைக்கல ஸ்டெல்லா, உன் கண்ணுக்கு லேபிள் ஒட்டியிருப்பாரு! நீ இந்த பிளாக்குக்குப் புதுசு, உனக்கெங்க தெரியும்? எழுபதுகள்ல சிராங்கூன் ரோட்டுல போன ஒரு முழியையும் அந்த மனுஷன் சும்மா விட்டதில்ல. ‘முழி மாஸ்டர்’னாத்தான் ஆளுங்களுக்குத் தெரியும். பேரைச் சொன்னா யாருன்னு கேப்பாங்க. நான் பேரே சொல்றதில்ல, அது வேற கதை.

அப்ப டன்லப் ஸ்ட்ரீட்ல, மாடியில ஒரு அச்சாபீஸ். பாலர் பள்ளிக்கு மூஞ்சி போட்ட அட்டை அடிப்பாங்க. படத்துக்குப் பின்னாடி லேபிள் ஒட்டறது என் வேலை. எனக்குத்தான் எழுத்து தெரியாதே, கலர் பாத்து ஒட்டுவேன். சிரிப்புக்கு மஞ்சள், தூக்கத்துக்கு நீலம், சந்தேகத்துக்குப் பச்சை. ஒட்டினதைச் சரிபாக்கறவரு மாஸ்டர்.

கண்ணை மூடின படம்னா சிரிப்பும் தூக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாஸ்டர் சொல்லுவாரு: “வாயைப் பாக்காத. கட்டை விரலால மறைச்சிடு. சிரிச்சா கன்னம் கீழேருந்து தள்ளும், கண்ணு கவுந்த பிறையா நிக்கும். தூங்கினா மேலிமை விழும், பிறை நிமிர்ந்துக்கும்.” சொல்லிட்டு தானே செஞ்சு காட்டுவாரு. சாப்பாட்டு நேரத்துல வந்தவங்க, இந்தாளுக்கு வலிப்புன்னு நினைச்சு ஓடினதுண்டு.

தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்கப் போனாலும் இதே கூத்து. “இந்த மீனுக்கு அதிர்ச்சி, வேணாம். அதுக்கு ஆச்சரியம், அதைக் குடு.”

“அண்ணே, செத்த மீனுக்கு என்னண்ணே ஆச்சரியம்?”

“இவ்வளவு வெலை சொல்றியேன்னுதான்!”

பஸ்ல கண்டக்டர் உக்காந்தபடியே தூங்கினாரு. அவரு பைமேல நீல லேபிளை ஒட்டிட்டு இறங்கிட்டாரு மாஸ்டர். சட்டைப் பையில எப்பவும் ஒரு கட்டு லேபிள் இருக்கும்.

நான் வேலைக்குச் சேந்த கொஞ்ச நாள்ல, என் ஸ்டூல்ல ஒரு பச்சை லேபிள்! சந்தேகமாம்! எனக்கு வந்துச்சே கோவம். “நான் உங்களை என்ன திருடன்னா பாத்தேன்?”

“நெதமும் கண்ணை இடுக்கி இடுக்கி என்னையே பாக்கறியே, அதுக்கு வேற என்ன பேரு?”

அந்த நேரம் பாத்து அவசரத்துல மாஸ்டர் பாக்காமலே போன என் அட்டைக் கட்டு ஒண்ணு பள்ளியிலேருந்து திரும்பி வந்துடுச்சு. சிரிக்கிற புள்ளைக்கெல்லாம் நீலம் ஒட்டி வச்சிருக்கேன். முதலாளி மேல வந்து கத்தறாரு: “இன்னொரு கட்டு திரும்பி வந்துச்சு, நீ வீட்டுக்குப் போகலாம்லா!” அப்பாவுக்கு வேலையில்லாத நேரம். மறுபடி அட்டையைத் தூக்கி, கை நீட்டிப் பிடிச்சு, கண்ணை இடுக்கிப் பாக்கறேன்.

மாஸ்டர் என்னையே பாத்தாரு. சட்டுனு ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினாரு. “பிறை எந்தப் பக்கம்?”

“எங்கண்ணே பிறை? ஏதோ கோடு மாதிரி கலங்கலா இருக்கு.”

மனுஷன் தலையில அடிச்சுக்கிட்டாரு. “அடடா, இது சந்தேகமே இல்ல! கண்ணு தெரியாத முழி! நான்ல தப்பா ஒட்டிட்டேன்!” முதலாளிகிட்ட நேரா போய், “கண்ணாடி வர்ற வரைக்கும் இந்தப் பொண்ணோட அட்டைக் கட்டையும் நானே ஒட்டறேன். தப்பு வந்தா என்னை அனுப்புங்க”ன்னாரு.

அவரே கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போய் அளவு எடுக்க வச்சாரு. கண்ணாடி வந்துச்சு. கடையிலேயே மாட்டினேன். முதல்ல தெளிவாத் தெரிஞ்சது அவரு மூஞ்சிதான். ரெண்டு கண்ணையும் அகல விரிச்சுக்கிட்டு நிக்கறாரு.

“இதுக்கு என்ன லேபிள் மாஸ்டர்? ஆச்சரியமா?”

“இல்ல, பயம். இப்ப நீ என்னைத் தெளிவாப் பாத்துட்டியே.”

எங்க வீட்டுக் கல்யாணப் பேச்சு அந்தக் கடை வாசல்லயே முடிஞ்சுபோச்சுன்னு வச்சுக்க.

ஐயோ, மழை இருட்டிக்கிட்டு வருது! ஜன்னலுக்கு வெளிய மூங்கில் கழியில துணி காயுது, உள்ள இழுக்கணும். இவரை எழுப்பவான்னு கேக்கறியா? நாற்காலியில கண்ணை மூடியிருக்காரேன்னு ஏமாந்துடாத. நல்லா பாரு, பிறை கவுந்திருக்கு. இவ்வளவு நேரமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு. எந்திரிங்க, அந்தப் பக்கம் மூங்கிலைப் பிடிங்க!