இரும்பு வெட்டும் மாப்பிள்ளை

"அங்கிள், கையை எடுங்க! எடுங்கலா!"

நைஜல் பாய்ந்து வந்து சிவப்புப் பொத்தானை அறைந்தான். இயந்திரம் முனகிக்கொண்டே நின்றது. அதன் இரும்புக் கையை மேலிருந்து முழு பலத்தோடு அமுக்கிக்கொண்டிருந்த ஹென்றி, அமுக்கியபடியே உறைந்துபோனார்.

"சீக்கிரம் வெட்டட்டுமேன்னு ஒரு உதவி செஞ்சேன் தம்பி."

"அமுக்கினா பட்டை அறுந்து மூஞ்சியில அடிக்கும் அங்கிள். இது இரும்பு வெட்டுற பட்டை ரம்பம், பேண்ட்சா. பலகைக்குச் சரிப்பட்டு வராதுன்னு முதல்லயே சொன்னேனே."

சொன்னான்தான். ஹென்றிதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டால் கிளம்ப வேண்டும். கிளம்பினால் வந்த காரியம் கெட்டுவிடும்.

ஏனென்றால் அவர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து இந்தக் கிள்ளான் பட்டறைக்கு வந்தது ரம்பம் வாங்க அல்ல. மாப்பிள்ளை பார்க்க.

மகள் செரீனாவுக்குத் தரகர் கொண்டுவந்த வரன் இந்த நைஜல். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பெண் வீட்டார் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனால் எந்தப் பையனும் தேவாலயத்தில் நற்கருணை வாங்கப்போகிறவன் மாதிரிதான் கைகட்டி நிற்பான். சொல்லாமல் போய்த்தான் ஆளைப் பார்க்க வேண்டும் என்பது ஹென்றியின் கட்சி. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாதவனை முகத்தை வைத்தே பிடித்தவர்.

வாசலில் 'பழைய மெஷின் விற்பனைக்கு' என்று எழுதித் தொங்கியது வசதியாகப் போயிற்று. வாங்க வந்தவர் போல நுழைந்துவிட்டார். "என்ன வெட்டப் போறீங்க அங்கிள்?" என்று நைஜல் கேட்ட இடத்தில்தான் நாக்கு சறுக்கி, "பலகை" என்றது.

கைப்பேசி அலறியது. மனைவி மகதலேனா.

"யாரு அங்கிள்?"

"என்... என் தச்சன். மெஷினைப் பத்தி விசாரிக்கிறான்."

"என்னங்க, பையன் சிகரெட் பிடிப்பானா பாருங்க" என்றான் தச்சன், பெண் குரலில்.

ஹென்றி குனிந்து, நைஜலின் தோளருகே மூக்கைக் கொண்டுபோய் ஆழமாக இழுத்தார்.

"என்ன அங்கிள் பண்றீங்க?"

"எண்ணெய் வாசனை பார்த்தேன் தம்பி. மெஷினோட ஆரோக்கியம் ஓட்டுறவன் சட்டையிலதான் தெரியும்பான் என் தச்சன்."

வெறும் எண்ணெய் வாசனைதான். சிகரெட் இல்லை. ஒரு கண்டம் தாண்டியது.

நைஜல் கிடுக்கியிலிருந்து பலகையைக் கழற்றிக் காட்டினான். "பாருங்க. டீ வர்றதுக்கு முன்னாடி ஆரம்பிச்சோம். நீங்க டீயும் குடிச்சு, என் டீயையும் குடிச்சிட்டீங்க. வெட்டினது ஒரு விரக்கடை."

"நிதானமா வேலை செய்யுது. எனக்கு அதான் பிடிக்கும்."

"இரும்புக்கு மெதுவாத்தான் ஓடணும் அங்கிள். மரத்துக்கு இதைவிடப் பத்துப் பதினைஞ்சு மடங்கு வேகம் வேணும். பல்லு வேற பொடிப்பொடியா இருக்கு, மரத்தூள் போய் அடைச்சுக்கும். பட்டையை மாத்தலாம், வேகத்தை எங்க போய் மாத்துறது?"

மறுபடி தச்சன். "கோபக்காரனா பாருங்க. நம்ம பொண்ணு வாயாடி. அடக்கமானவன்தான் தாங்குவான்."

கோபத்தை எப்படிப் பரிசோதிப்பது? ஹென்றி சுற்றுமுற்றும் பார்த்தார். இயந்திரத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் குழாய். "இது எதுக்கு தம்பி?" என்று கேட்டுக்கொண்டே முழுசாகத் திறந்து, பச்சைப் பொத்தானையும் அமுக்கினார்.

இரும்பைக் குளிரவைக்கும் பால்நிறத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நைஜல் தலையிலிருந்து பூட்ஸ் வரை நனைந்தான். பலகை ஊறிப்போய்க் கறுத்தது.

ஹென்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தார்.

நைஜல் கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்தான். "பரவால்ல அங்கிள். காலையில குளிக்காமத்தான் வந்தேன். ஆனா பார்த்தீங்களா, இந்தத் தண்ணி பட்டா பலகை கறையாயிடும். அதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், வேணாம்."

ஹென்றிக்கு நெஞ்சு குளிர்ந்தது. "இல்ல தம்பி, எடுத்துக்கிறேன்" என்றார், ஒரு பேச்சுக்கு.

"விக்க மாட்டேன் அங்கிள்."

"என்னது?"

"உங்களை ஏமாத்தி இதைத் தள்ளிவிட்டா எனக்குத் தூக்கம் வராது. மரத்துக்குன்னே செஞ்ச பேண்ட்சா சுபாங் ஜெயாவுல கிடைக்கும். நானே வழி சொல்றேன்."

இப்படியும் ஒரு பிள்ளையா! பையனை நனைத்து, பலகையைக் கெடுத்து, டீயைக் குடித்து, கடைசியில் வெறுங்கையோடு கிளம்புவதா? நாளைக்கு மாமனாராக வந்து நிற்கும்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது?

"தம்பி, எனக்கு இந்த மெஷின்தான் வேணும். செரீனாவுக்கு இதைவிட நல்ல..." சட்டென்று நாக்கைக் கடித்தார்.

"செரீனா யாரு அங்கிள்?"

"அது... ஒரு மரம். ரொம்ப மிருதுவான மரம்."

"ஓ. கேள்விப்பட்டிருக்கேன்" என்றான் நைஜல்.

அரைமணி நேரம் ஹென்றி கெஞ்சினார். அரைமணி நேரம் நைஜல் மறுத்தான். கடைசியில், பெரியவர் மனசு நோகக்கூடாது என்பதற்காக, நைஜல் மனமில்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டான்.

பிரிக்பீல்ட்ஸ் திரும்பியதும் ஹென்றி தரகரை அழைத்தார். "மாப்பிள்ளை தங்கம். முடிச்சிருங்க!" மகதலேனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செரீனா மட்டும், "மெஷின் எதுக்குப்பா?" என்றாள்.

சாயங்காலம் லோரி வந்தது. அடுக்குமாடியின் கீழே ஹென்றியின் கார் நிற்கும் இடம்தான் காலி. காரைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு, சங்கிலி போட்டு இயந்திரத்தை இறக்கினார் லோரிக்காரர் ஜெயராஜ்.

"நைஜல் தம்பி எப்படி?" என்று மெல்லப் பேச்சுக் கொடுத்தார் ஹென்றி. இன்னும் கொஞ்சம் பாராட்டு கேட்க ஆசை.

"ரொம்ப நேர்மையானவரு அங்கிள். வேணாம் வேணாம்னு சொல்லியே விப்பாரு."

"விப்பாரா?"

"இரும்புப் பட்டறையை மூடப் போறாரு இல்ல? காயலான் கடைக்காரன்கூட சீண்டாத மெஷின் எல்லாம் மாப்பிள்ளை பார்க்க வர்ற மாமனாருங்க வீட்டுக்குத்தான் போவுது. பூச்சோங்ல ஒருத்தர், செந்தூல்ல ரெண்டு பேர், இப்ப நீங்க."

ஹென்றி காருக்குப் பதிலாக நின்ற இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டார். "மாமனாருங்களா?"

ஜெயராஜ் சங்கிலியைச் சுருட்டி லோரியில் எறிந்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "அவரு பெண்டாட்டிதான் பாவம் அங்கிள், ஒவ்வொரு மாமனார் வரும்போதும் ரெண்டு பிள்ளைங்களையும் தூக்கிக்கிட்டு பின்வாசல் வழியா பாசார் கடைத்தெருவுக்கு ஓடணும்."