புளிக்காய்ச்சலைக் காட்டிக்கொடுத்தேன்

ஓய்வு பெற்ற மறு மாதமே நான் எழுத்தாளனாகிவிடுவது என்று தீர்மானித்தேன். வருஷம் 2007. முப்பத்துநான்கு ஆண்டுகள் அரசாங்க ஆபீசில் குறிப்பு எழுதிய கை இது. ஒரு நாற்காலிக்குக் கால் உடைந்ததைப் பற்றி ஏழு பக்கம் எழுதி மேலதிகாரியிடம் பாராட்டு வாங்கியிருக்கிறேன். நாற்காலி கடைசி வரை வரவில்லை. அது வேறு விஷயம்.

எழுதுவதற்கு விஷயம் வீட்டிலேயே இருந்தது. என் மனைவி விஜயம், கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் அடுப்படியிலேயே புளிக்காய்ச்சல் கிளறி, பாட்டிலில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தாள். சூடான சாதத்தில் இரண்டு கரண்டி போட்டுப் பிசைந்தால் புளியோதரை தயார். வலியசாலை, கிழக்கேகோட்டை என்று தெருத்தெருவாக அதற்கு ரசிகர்கள் உண்டு. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் பெண் ஜானவி, வெளியூர்க்காரர்களுக்கும் தெரியட்டும் என்று இண்டர்நெட்டில் ஒரு பிளாக் தொடங்கிக் கொடுத்தாள். வாரம் ஒரு கட்டுரை எழுதுவது அப்பாவின் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டாள்.

விஜயத்துக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை.

"பிளாக்குல விக்கறதா? இத்தனை நாள் கௌரவமா வித்துட்டு, இப்ப சினிமா டிக்கெட் மாதிரியா?"

"அது வேற பிளாக். இது எழுதறது."

"அப்ப எழுதிக்கோங்கோ. அடுப்படிக்கு வராம இருந்தா சரி."

என் முதல் கட்டுரையின் தலைப்பு, 'திருவிதாங்கூரும் புளியும்: ஒரு பூர்வாங்க ஆய்வு'. மொத்தம் பதினான்கு பத்தி. புளி பன்னிரண்டாவது பத்தியில்தான் தலைகாட்டியது. அதற்கு ஒரே ஒரு வாசகர் கடிதம் வந்தது. எழுதியவள் ஜானவி. பாட்டில் எங்கே கிடைக்கும் என்று எழுத மறந்துவிட்டேனாம். அடுத்த இரண்டு கட்டுரைகளுக்கு அவளும் எழுதவில்லை.

நான்காவது வாரம் மஸ்கட்டிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தார். சரித்திரம் போதும், செய்முறையைப் போடுங்கள் என்று. அதன் கீழே எட்டுப் பேர் "ஆமாம், ஆமாம்" என்று வழிமொழிந்திருந்தார்கள். எட்டுப் பேர். என் பிரிவுபசார விழாவுக்கே ஆறு பேர்தான் வந்தார்கள்.

விஜயத்திடம் செய்முறை கேட்டேன்.

"அது பிளாக்லயும் கிடையாது, வொயிட்லயும் கிடையாது" என்றாள்.

ஆகவே, திருடுவது என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலையில் அடுப்படிக்குப் போய், ஒத்தாசை பண்ணட்டுமா என்று கேட்டேன். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நான் கேட்காத கேள்வி. விஜயம் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு பத்துக் கிலோ புளியை என் முன்னால் நகர்த்தினாள்.

அந்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு எந்த எழுத்தாளனும் பட்டிருக்க மாட்டான். கொட்டை எடுத்தேன். நார் எடுத்தேன். ஊறவைத்துக் கரைத்ததில் விரல் பத்தும் வெளுத்துச் சுருங்கிப்போயிற்று. மிளகாய் வறுத்து, தெருக்கோடி வரை கேட்கும்படி தும்மினேன். உருளி முன்னால் நின்று, எண்ணெய் பிரியும் வரை கிளறிக் கிளறி என் தோள்பட்டை பிரிந்தது. அவள் முதுகைத் திருப்பும் நேரம் பார்த்து, ஒவ்வோர் அளவையும் துண்டுக் காகிதத்தில் குறித்துச் சட்டைப்பையில் செருகினேன். அவளும் என்ன காரணமோ, யாரும் கேட்காமலே, "வெந்தயம் ரெண்டு கரண்டி, கேட்டேளா, ரெண்டே ரெண்டு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், சூதுவாது தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை செய்முறையை முழுசாக ஏற்றிவிட்டேன். மறுநாளே நாற்பத்துமூன்று கடிதங்கள். எல்லாம் பாராட்டு. அன்று சாயங்காலம் கரமனை ஜங்ஷனில் பஸ் கண்டக்டர்கள்கூட என்னை அடையாளம் கண்டுகொண்டதாகத் தோன்றியது.

திங்கட்கிழமை காலையில் அடுத்த வீட்டிலிருந்து ஒரு வாசனை வந்தது. எள் வறுபடும் வாசனை. பிறகு நல்லெண்ணெயில் புளி கொதிக்கும் வாசனை. சரஸ்வதியம்மாள் பிரவுசிங் சென்டரில் என் கட்டுரையை பிரிண்ட் எடுத்து வந்து கிளறிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பத்துமூன்று கடிதம் என்றால் நாற்பத்துமூன்று அடுப்படி. இனி விஜயத்தின் பாட்டிலை யார் வாங்குவார்கள்? ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஆபீசர் பெண்டாட்டி பாட்டில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவதா என்று நான் முகத்தைச் சுளித்தபோது, தன்னந்தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் அவள். ஜானவியை இன்ஜினீயரிங் படிக்க வைத்ததில் என் சம்பளத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு அந்தப் பைக்கும் உண்டு. அதை ஒரே கட்டுரையில் ஒழித்துக் கட்டிவிட்டேன். மத்தியானம் சாதம் இறங்கவில்லை. எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் நான்கு வரைவு எழுதிப் பார்த்தேன். எல்லாமே, 'மேற்படி விஷயம் தொடர்பாக' என்று ஆரம்பித்தன.

நான் வாயைத் திறப்பதற்குள் சரஸ்வதியம்மாள் கிண்ணத்தோடு வந்துவிட்டார். நான் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"விஜயம், சார் எழுதினபடியே பண்ணினேன். நன்னாத்தான் இருக்கு. ஆனா உன்னோடது மாதிரி வரலை. எந்தோ ஒரு குறைவு."

விஜயம் துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "ரொம்ப நன்னா இருக்கே மாமி. கை பழகினா வந்துடும்."

"பழகற வரைக்கும் ரெண்டு பாட்டில் குடு."

சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திறந்தால் மஸ்கட் அம்மாளும் அதையேதான் எழுதியிருந்தார். செய்து பார்த்தாராம், ஏதோ குறைகிறதாம், ஆறு பாட்டில் அனுப்ப முடியுமா என்று. அவருக்குக் கீழே வரிசையாக அதே புலம்பல், அதே கேள்வி.

அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

"விஜயம், நான் உனக்கு ஒரு துரோகம் பண்ணிட்டேன்."

"தெரியும். உங்க சட்டையைத் தோய்க்கறது யாராக்கும்? உளுத்தம்பருப்பு அளவைத் தப்பா எழுதியிருந்தேள். நான்தான் அந்தக் காகிதத்தைத் திருத்தி, உங்க மேஜைல வச்சேன்."

"அப்ப நான் போட்டது சரியான செய்முறைதானா?"

"சரியானதேதான். ஒரே ஒரு சாமான் தவிர. அது, நீங்க மத்தியானம் குறட்டை விடற அரைமணி நேரத்துலதான் உருளில விழும்."

என்ன சாமான் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் பலனில்லை. அவள் காபியை ஆற்றி என் கையில் கொடுத்தாள். வேறொருத்தியாக இருந்தால் தெருவையே கூட்டியிருப்பாள். இவள் என் திருட்டை விளம்பரமாக்கி, வியாபாரத்தையும் காப்பாற்றி, போதாக்குறைக்கு எனக்கு நாற்பத்துமூன்று வாசகர்களையும் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறாள். ஓய்வு பெற்றபின் காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற என்னைப் பார்த்து, எழுதிக்கோங்கோ என்று சொன்னவளும் அவள்தான். முப்பது வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டு, ரொம்ப நன்றி விஜயம் என்றேன்.

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும். அடுத்த வாரம் எதைத் திருடறதா உத்தேசம்? நாரத்தங்கா ஊறுகாய்னா இப்பவே சொல்லிடுங்கோ. நாளைக்கு நாப்பது கிலோ வரது, நறுக்க ஆளில்லை."